வேதிமாற்றம்: விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது

நம் மலேசியாவில் இரசாயன மாற்றம் என்றால்தான் பலருக்கும் சட்டென்று புரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அது மலாயில் 'பெருபாஹான் கிமியா'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேதியியல் மாற்றம், சுருக்கமாக வேதிமாற்றம். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் சொல்தான்.

வேதித்தல் என்றால் வேறுபடுத்துதல், ஓர் உலோகத்தை வேறொன்றாக மாற்றுதல். செம்பைப் பொன்னாக்கும் வித்தையைச் சித்தர்கள் வேதை என்றார்கள். வேதிமாற்றத்திலும் அப்படித்தான், ஒரு பொருள் வேறு பொருளாகவே ஆகிவிடுகிறது. இரசாயனத்தில் இருக்கும் 'இரசம்' வடமொழி, சாறு என்றும் பாதரசம் என்றும் பொருள்படும். கிமியா அரபியிலிருந்து மலாய்க்கு வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் பௌதிக மாற்றம். ஐம்பூதம் என்கிறோமே, அந்தப் பூதத்திலிருந்து பிறந்த சொல். நல்ல தமிழில் இயற்பியல் மாற்றம். வடிவம், அளவு, நிலை மாறும், பொருள் அதேதான்.

சரி, குழப்பம் எங்கே வருகிறது? 'பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிகம், திரும்பாவிட்டால் இரசாயனம்' என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பதில்தான். தைப்பூசத்தன்று பினாங்கில் தேர் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்களே, சிதறிய சில்லுகளை யாராலும் பழையபடி ஒட்டவைக்க முடியாது, ஆனாலும் ஓடு ஓடாகவும் பருப்பு பருப்பாகவும்தானே கிடக்கின்றன, அதனால் அது பௌதிக மாற்றமே. காரில் இருக்கும் ஈய பேட்டரி இதற்கு நேர்மாறு. மின்சாரம் கொடுக்கும்போது ஈயம் ஈய சல்பேட்டாகிறது, சார்ஜ் ஏறும்போது திரும்ப ஈயமாகிறது. திரும்பி வந்தாலும் அது வேதிமாற்றம்தான்.

தேங்காயோடு ஏற்றும் சூடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஒரே பொருளில் இரண்டும் நடக்கும். டப்பாவை மூட மறந்துவிட்டால் கட்டி நாளாக நாளாகச் சிறுத்துக்கொண்டே போகும், உருகாமலேயே ஆவியாகிறது. மூக்கில் ஏறும் அந்த வாசம் சூடமேதான், மூலக்கூறு அப்படியே இருக்கிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர், அதுவும் சித்த மருத்துவத்தில் புழங்கும் பதங்கம் என்ற சொல்தான். பற்றவைத்தால் கதையே வேறு: ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகிவிடும், முழுதாக எரியாதது கரியாகத் தட்டில் படியும். எரிந்தது இனி சூடம் இல்லை.

அப்புறம், குமிழி வந்ததா, நிறம் மாறியதா என்று மட்டும் பார்த்து விடை எழுதாதீர்கள். அவை வெறும் அறிகுறிகள். கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வரும், உள்ளே இருப்பது அதே தண்ணீரின் ஆவி.