52இலிருந்து 17 போனால் 45: பிழையான விடையை வாசிப்பது எப்படி?

52இலிருந்து 17ஐக் கழித்தால் 45 என்று மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்று எழுதுகிறது. சிவப்புப் பேனையால் பிழை போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக ஒரு விநாடி போதும். அந்த 45 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாமல் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பிறகு 5இலிருந்து 1 போக 4. கழிக்கத் தெரிந்த பிள்ளைதான். ஒரு பத்தை அவிழ்த்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை அதே கணக்குக்கு 36 என்று எழுதியிருக்கிறது. இதற்கு முறை முழுவதும் தெரியும். 12இலிருந்து 7ஐக் கழிக்கும்போது விரல் எண்ணிக்கை ஒன்று தவறிவிட்டது. இரண்டு பேருக்கும் புள்ளி பூச்சியம்தான். முதல் பிள்ளைக்கு ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்து இடப்பெறுமானத்தை மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு, விடையைக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கொடுத்தால் போதும்.

கொழும்பில் தமிழ்மொழி மூல ஆரம்ப வகுப்புகளில் நெடுங்காலம் கற்பித்தேன். இப்போது இளம் ஆசிரியர்களின் வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து ஆலோசனை சொல்கிறேன். வெள்ளவத்தை என்றாலும் கொட்டாஞ்சேனை என்றாலும் பெற்றோர் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "மிஸ், எத்தனை மார்க்ஸ்? வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" பிள்ளை மீதுள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள். எட்டாம் பிள்ளை என்று சொன்னால் முன்னால் ஏழு பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

நமது ஆரம்பக் கல்வியின் கட்டமைப்பே இதை உணர்ந்து உருவாக்கப்பட்டதுதான். 1998இல் கம்பஹாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது: தரம் 1, 2 ஒன்று; தரம் 3, 4 ஒன்று; தரம் 5 ஒன்று. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை பெற்றிருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டன. முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளோடு முதல் வாரங்களில் விளையாட்டும் செயற்பாடுமாக நடக்கும் இனங்காணல், ஆசிரியர் கற்பிக்கத் தொடங்குமுன் பிள்ளையை அறிந்துகொள்வதற்கானது. அந்த வாரங்களில் "இன்னும் எழுதவே தொடங்கவில்லையே" என்று வாசலில் நின்று கவலைப்படும் தாய்மாருக்கு நான் சொல்வது: உங்கள் பிள்ளையை ஆசிரியர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை எதைக் கற்றிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று அறிவதுதான் கணிப்பீடு. நல்ல ஆசிரியர் அதைத் தவணை முடிவுக்கு என்று ஒதுக்கிவைப்பதில்லை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்கிறார். வகுப்புக்கு வெளியே நிற்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம். பாடநூலின் ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசிக்கும் இரண்டாம் தரத்துப் பிள்ளையைப் பார்த்து வீட்டார் மகிழ்வார்கள். அந்தப் பக்கம் பிள்ளைக்கு மனப்பாடமாகியிருக்கலாம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்லி, வீட்டிலும் சொல்லி, கண் எழுத்தில் படாமலே வாய் ஓடும். அதே சொற்களை இடம்மாற்றிப் புதிய மூன்று வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தால் உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே உருவாக்கிய ஒரு முறை உலகெங்கும் ஆரம்ப வகுப்புகளில் பயன்படுகிறது. பிள்ளை உரத்து வாசிக்க, ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறியிட்டுக்கொண்டே போவார். நூறு சொற்களில் 95 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் அந்தப் பகுதி பிள்ளைக்கு இலகுவானது. 90க்குக் கீழே போனால் கடினம். இடைப்பட்டது ஆசிரியரின் துணையோடு கற்க ஏற்றது. தமிழில் ஒரு சொல்லே விகுதியும் வேற்றுமையும் ஏறி நீண்டுவிடுவதால், சிறிய வகுப்புகளில் நூறு சொல் பகுதி பிள்ளையைக் களைக்கச் செய்துவிடும். முப்பது, நாற்பது சொற்களே போதும் என்பது என் அனுபவம்.

எண்ணிக்கையை விடப் பிழையின் வகைதான் எனக்கு முக்கியம். "வந்தாள்" என்பதை "வந்தான்" என்று வாசிக்கும் பிள்ளை சொல்லின் தொடக்கத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது. "கோடை"யைக் "கொடை" என்று வாசிக்கும் பிள்ளைக்குக் குறிலும் நெடிலும் இன்னும் பிரியவில்லை. பிழையாக வாசித்துவிட்டுத் தானே நின்று, திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கும். தடுமாறுகிறது என்று வீட்டில் அதைத் திட்டுவார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். தான் வாசிப்பதன் பொருளைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பிள்ளை அது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் எழுத்துவேலையில் இருக்கும்போது எட்டுப் பாடசாலை நாட்களில் வகுப்பு முழுவதையும் கேட்டு முடிக்கலாம். பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு கொப்பி போதும்.

கொழும்புக்கே உரிய ஒரு விடயம் இருக்கிறது. மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் வீட்டில் தமிழும் தெருவில் சிங்களமுமாக வளரும் பிள்ளைகள் நிறையப் பேர் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "கமலாவிடம் 24 மாம்பழங்கள் இருந்தன. 9ஐத் தங்கைக்குக் கொடுத்தாள். எஞ்சியவை எத்தனை?" என்ற கேள்விக்கு இடம் விட்டிருந்த பிள்ளையிடம், "மிச்சம் எத்தனை மகன்?" என்று வாயால் கேட்டுப் பாருங்கள். "பதினைந்து மிஸ்" என்று உடனே விடை வரும். அவனுக்குக் கணிதத்தில் குறை இல்லை. வினாத்தாளின் தமிழ்தான் அவனைத் தடுத்தது. அறிக்கையில் கணிதம் குறைவு என்று எழுதி, அவனை மேலதிகக் கணித வகுப்புக்கு அனுப்புவது அவனுக்குச் செய்யும் அநீதி. கரும்பலகையிலிருந்து பிழையாகப் பார்த்தெழுதும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவு என்று தீர்ப்பெழுதுமுன் கண்ணைப் பரிசோதியுங்கள்.

வாய்மொழி வினாக்களைப் பற்றியும் ஒரு சொல். "விளங்கினதா?" என்று கேட்டால் நாற்பது குரலும் சேர்ந்து "ஓம் மிஸ்" என்று சொல்லும். அதிலிருந்து ஆசிரியருக்கு எதுவும் தெரியவராது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வினாவைக் கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முடிந்தால் எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டட்டும். கை உயர்த்தும் அதே ஐந்து பேரின் விடையை வகுப்பின் விடையாகக் கொள்ளும் ஆபத்து நீங்கும்.

ஒப்படைகளைப் பார்க்கும்போது எனக்கு மனவருத்தம்தான். கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, தாய் ஒட்டி, தந்தை எழுதிய பூக்களின் படத்தொகுப்பு அழகாக இருக்கும். பிள்ளை எந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தது என்பது மட்டும் அதில் இருக்காது. கோணலாக வெட்டிய படத்தோடு வரும் கொப்பிதான் எனக்கு வேண்டும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசாமல் இந்த நகரத்தில் கணிப்பீட்டைப் பற்றிப் பேச முடியாது. 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு, திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறக்க வந்த ஏற்பாடு அது. இன்றும் வறிய குடும்பங்களுக்கு அந்தக் கதவு தேவை; அதை நான் மதிக்கிறேன். இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள். அதற்காக மூன்றாம் தரத்திலிருந்தே பிள்ளையை மாதிரி வினாத்தாள்களுக்குள் அடைத்துவிடுகிறோம். பின்னேரம் டியூஷன், இரவு வினாத்தாள் திருத்தம். பலதேர்வு விடைகளில் எது சரி என்று பிள்ளை ஊகிக்கப் பழகிவிடுகிறது. நான்கு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னால் பென்சில் அசையாமல் நிற்கிறது. தரம் 3, 4இன் தேர்ச்சிகள் உறுதியாகாத பிள்ளைக்கு எத்தனை வினாத்தாள் செய்வித்தாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப வரும்.

இனி, திருத்திக் கொடுப்பது. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற குழு. புள்ளியும் சேர்ந்து வந்ததும் குறிப்பின் பயன் போய்விட்டது. நம் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம்: கொப்பி கைக்கு வந்ததும் பிள்ளை எண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கும், மூடிவிடும். "நன்று" என்று எழுதுவதாலும் பயனில்லை. "உன் கதையில் நாய்க்குட்டி எப்படித் தொலைந்தது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். அது கிடைத்தபோது நீ என்ன செய்தாய் என்று இரண்டு வரி சேர்" என்று எழுதினால் பிள்ளை பென்சிலை எடுக்கும். எல்லாக் கொப்பிக்கும் தினமும் இப்படி எழுத முடியாது. வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வேலைக்கு எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தவணைப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். கூட்டிய புள்ளியைத் தாண்டி உள்ளே போங்கள். பிழையான விடைகளில் மூன்றைத் தெரிவுசெய்து, ஆறுதலான ஒரு பின்னேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "இதை எப்படிச் செய்தாய் என்று அம்மாவுக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். சரியான ஒரு விடையையும் அப்படியே கேளுங்கள். பிழைக்கு மட்டும்தான் விசாரணை என்று பிள்ளை நினைக்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கொடுத்து, "இதிலிருந்து பிள்ளைக்கு அடுத்து எது தேவை, மிஸ்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் தன் கொப்பியைத் திறந்து உங்கள் பிள்ளையின் பக்கத்தைக் காட்டிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.