மூடிய பிறகும் மாறிக்கொண்டிருக்கும் ஏல்

ஏல் என்பது பீரில் ஒரு வகை. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வரும் பிரிட்டிஷ் ஏல் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்றை அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். மற்றதை நல்ல வெயில் விழும் ஜன்னலோரத்தில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்குக் குளிர வைத்து, கிளாஸில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். பெட்டிக்குள் இருந்ததில் பிஸ்கட் வாசனையும் லேசான பூ வாசனையும் இருக்கும். ஜன்னலோரத்தில் இருந்ததில் எரிந்த ரப்பரும் கெட்டுப்போன பூண்டும் கலந்த மாதிரி ஒரு நெடி முதலில் வந்து மூக்கில் ஏறும்.

இதற்குக் காரணம் ஹாப். கொடியில் விளையும் பச்சை நிறப் பூங்கூம்பு அது. பீருக்குக் கசப்பைத் தருவதும் அதுதான். ஹாப்பிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றோடு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கும்போது வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. நாக்கில் நாம் உணரும் கசப்பு பெரும்பாலும் இவற்றுடையது. மால்ட்டிலிருந்து வந்த ரைபோஃப்ளேவினும், அதாவது வைட்டமின் பி2-வும், பீரில் கரைந்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் ரைபோஃப்ளேவின் அந்த ஆற்றலை வாங்கி ஐசோ ஆல்ஃபா அமிலத்தின் ஒரு பக்கச் சங்கிலியை முறித்துவிடுகிறது. முறிந்த துண்டு பீரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து தயால் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சேர்மமாகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரி மேல் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கும் இதே குடும்பச் சேர்மங்கள்தான் காரணம். ஒரு லிட்டர் பீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். வெளிச்சத்தால் பீர் நாறும் என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் லின்ட்னர் 1875-லேயே பதிவு செய்துவிட்டார்.

பழுப்புக் கண்ணாடி இந்த நீல ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும். நிறமில்லாதது ஏறக்குறைய எதையுமே தடுக்காது. ஏலின் பொன் நிறம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறமில்லாத பாட்டிலில் அடைப்பது, பக்குவமாகச் செய்த பொருளைத் தெரிந்தே கெடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அதனால் ஏல்களின் சுவையை ஒப்பிட்டுப் பார்க்க வாங்கும்போது பழுப்பு பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். அலமாரியின் முன்வரிசையில், விளக்குக்கு நேரே நிற்பதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து எடுங்கள்.

சரி, வெளிச்சம் வெளியே இருந்து வருவது. பாட்டிலுக்கு உள்ளேயும் வேலை நடக்கிறது. சில ஏல்களை உயிருள்ள ஈஸ்ட்டோடு அடைப்பார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று கரியமில வாயுவை விடுகிறது. மூடும்போது உள்ளே புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்கிறது. இது பெரிய உதவி. ஆக்சிஜன் தங்கினால் நாளாக ஆக பீரில் நனைந்த அட்டையின் சுவை ஏறிவிடும். 1971-ல் தொடங்கிய கேம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் பாட்டிலில் அடைத்த 'ரியல் ஏல்' என்று ஏற்பது இப்படி ஈஸ்ட்டோடு அடைத்ததைத்தான்.

இந்த வகைக்கு லண்டன் ஃபுல்லர்ஸின் வின்டேஜ் ஏல் நல்ல உதாரணம். 1997-லிருந்து ஆண்டுக்கொரு முறை வருகிறது, ஆல்கஹால் 8.5 சதவீதம். இதை ஊற்றுவதற்குப் பொறுமை வேண்டும். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால் ஈஸ்ட் அடியில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கிளாஸைச் சாய்த்து, இடையில் நிறுத்தாமல், ஒரே சீராக ஊற்ற வேண்டும். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். ஊற்ற ஊற்ற, வெளிச்சத்துக்கு எதிரே பாட்டிலின் தோள் பகுதியைக் கவனியுங்கள். புகை மாதிரி ஒரு வெண்கீற்று கழுத்தை நோக்கி நகர்ந்து வரும். அது கழுத்தைத் தொடும் முன் நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு விரற்கடை மிஞ்சும், அதைத் தனியாக வையுங்கள்.

இதே ஏலின் புது பாட்டிலையும் ஐந்து ஆண்டு பழைய பாட்டிலையும் அருகருகே வைத்தால் காலம் செய்யும் வேலை புரியும். ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் மெல்லச் சிதைவதால் பழையதில் கசப்பு குறைந்திருக்கும், ஹாப் வாசனையும் மங்கியிருக்கும். அந்த இடத்தில் உலர்ந்த திராட்சை, ஷெர்ரி ஒயின் வாசனைகள் வந்திருக்கும். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

டார்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை 2005-லிருந்து காய்ச்சும் ஜெய்ப்பூர் ஐ.பி.ஏ.-வை (இந்தியா பேல் ஏல்) அப்படி வைத்திருந்தால் நஷ்டம்தான். இங்கிலாந்தின் ஃபகிள், கோல்டிங்ஸ் ஹாப்கள் மண், தேன், தேயிலை வாசனை தருபவை. ஜெய்ப்பூரில் போடுவது அமெரிக்க ஹாப்கள், அவற்றில் கிரேப்ஃப்ரூட் வாசனை தூக்கலாக இருக்கும். இந்த வாசனைகளைச் சுமக்கும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகும், ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் மாறும். சில மாதங்களிலேயே பளிச்சென்ற பழ வாசனை போய் வெறும் கசப்பும் இனிப்பும் மிஞ்சும். கிராஃப்ட் ஆலைகள் எனப்படும் சிறு ஆலைகள் பல பாட்டிலை விட்டு கேனுக்கு மாறியதில் இதற்கும் பங்குண்டு. கேனுக்குள் ஆக்சிஜன் புகுவது குறைவு, வெளிச்சமோ போகவே போகாது.

இதில் வரலாறு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏல், மாதக்கணக்கில் கடலில் ஆடி கல்கத்தாவிலும் மதராஸிலும் இறங்கியது. அன்று அது முதிர்ந்த பிறகு குடிக்கிற பானம். அப்படி முதிரும் ஆங்கில ஏல்களின் தனி வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடிய, டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன், 1904-ல் அதற்குக் காரணமான ஈஸ்ட்டை அறிவித்தார். பிரெட்டனோமைசிஸ் என்று அவர் வைத்த பெயருக்கு 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள். குதிரை லாயத்தையும் பழைய தோலையும் நினைவூட்டும் அதன் வாசனை இன்று பெரும்பாலான ஆலைகளில் ஒரு குறை. சில கிராஃப்ட் ஆலைகள் அதையே வேண்டும் என்று சேர்க்கின்றன.

ஆகவே வின்டேஜையும் ஜெய்ப்பூரையும் ஒரே மேசையில் வைக்கும்போது தேதியைப் பாருங்கள். முன்னதற்கு இரண்டு வயது இளமை, பின்னதற்கு அது முதுமை. இரண்டையும் சுமார் 12 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை மூலக்கூறுகள் மேலே எழுந்து வருவது குறைவு, நாக்கும் மரத்துப்போகும்.

அப்புறம் உங்கள் நாக்கையே சோதியுங்கள். லேபிளைப் பார்த்துக்கொண்டே குடித்தால் லேபிளின் ருசிதான் தெரியும். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஏல்களை எடுத்து, வேறொருவரை மூன்று கிளாஸ்களில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே ஏல், ஒன்றில் மற்றது. எது தனி என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால் ஒரே ஒரு தடவை ஜெயித்தது கணக்கில்லை. இடம் மாற்றி மாற்றி ஆறேழு தடவை செய்யுங்கள்.

ஒதுக்கி வைத்த அந்த வண்டலைக் கொட்டிவிடாதீர்கள். தெளிந்த ஏலில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியில் வண்டலை ஊற்றிச் சுழற்றுங்கள். நிறம் கலங்கும், ரொட்டி மாவின் வாசனை வரும், வாயில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும்.