ஹோமோபோபியா: அச்சமா, வெறுப்பா?

தன்பாலீர்ப்பு, அதாவது தம் பாலினத்தவர்மீதே ஈர்ப்பு, உடையவர்களை வெறுப்பதும் இழிவுபடுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ஹோமோபோபியா. சொல்லின் முன்பாதி 'ஹோமோசெக்சுவல்' என்பதன் சுருக்கம். மனிதனைக் குறிக்கும் இலத்தீன் 'ஹோமோ' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது 'ஒரே மாதிரியான' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். பின்பாதியான 'ஃபோபோஸ்' என்றால் அச்சம். வம்பு தொடங்குவது இந்தப் பின்பாதியில்தான்.

சொல்லை உருவாக்கியவர் நியூயார்க் உளவியலாளர் ஜார்ஜ் வைன்பர்க். தன்பாலீர்ப்பாளர் ஒருவருடன் சிகிச்சை அறைக்கு வெளியே பழக நேர்ந்தால் சக உளவியலாளர்கள் நெளிவதை அவர் 1960களின் நடுவில் கவனித்தார். 1969இல் சொல் அச்சேறியது. 1972இல் வந்த தம் நூலில், தன்பாலீர்ப்பாளரோடு நெருக்கமான இடத்தில் இருக்க நேருமோ என்ற அச்சம் என்று விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். நோயாளி யார் என்ற கேள்வியை அதற்கு முன்பே வைன்பர்க் திருப்பிப் போட்டுவிட்டார்.

நெருக்கமான இடம் என்றால் விளையாட்டுக்காரர்களுக்கு உடைமாற்றும் அறைதான். ஆண்கள் தனித்திருக்கும்போது பேசும் கொச்சைக்கு ஆங்கிலத்தில் 'லாக்கர் ரூம்' பேச்சு என்று பெயர். கோலாலம்பூரில் நம் பையன்கள் பலருக்கு லாக்கரும் இல்லை, ரூமும் இல்லை. செந்தூலில் ஃபுட்சால் என்னும் ஐவர் கால்பந்து ஆடிவிட்டு வேலியோர பெஞ்சில் ஜெர்சியைக் கழற்றுவார்கள். போட்டிக்குப் போனால் பஸ்ஸின் பின்னிருக்கை. பந்து முகத்துக்கு வரும்போது கண்ணை மூடியவன், தலையால் முட்டாமல் ஒதுங்கியவன், அடிபட்டு அழுதவன் எல்லோருக்கும் ஒரே பட்டம்: 'பொண்டான்'. காதுக்குத் தமிழ்போல ஒலித்தாலும் இது மலாய். பெண்தன்மை உள்ள ஆணை இழிக்கும் வசை. மலாய் வேண்டாமென்றால் 'பொட்டை' கைவசம் இருக்கிறது. வசைக்கு மட்டும் நம்மிடம் சொற்பஞ்சம் வந்ததே இல்லை.

வாங்குபவன் தன்பாலீர்ப்பு உடையவனா என்பது எறிபவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. அடுத்த பட்டம் தன்மேல் விழாமலிருக்கவே பக்கத்தில் இருப்பவன் உரக்கச் சிரிக்கிறான். ஆக, அச்சம் இங்கேயும் உண்டு, ஆனால் அது அணித்தோழர்களைப் பற்றியது. உண்மையிலேயே அந்த ஈர்ப்பு உள்ள பையன் வியர்வை ஜெர்சியோடே வீட்டுக்குப் போய்விடுவான். எவனையோ பார்த்தான் என்ற பழி வரக்கூடாதே. ஆசிரியரிடம் சொல்லலாம்தான். 'அப்படியானால் நீ அப்படித்தானா?' என்ற கேள்வி திரும்பி வரும். 'இயற்கைக்கு மாறான உறவு' என்று பெயரிட்டு, 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் தரும் 377ஏ, 377பி பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் நாட்டில், பதினைந்து வயதுப் பையன் அதற்கு என்ன பதில் சொல்வான்?

இனித் தமிழுக்கு வருவோம். 'ஓரினச்சேர்க்கை அச்சம்' என்று எழுதினால் இரண்டு பாதியும் பிழை. 'சேர்க்கை' செயலைச் சொல்கிறது; அந்தப் பையன் இன்னும் எதுவுமே செய்யவில்லை. மனத்தைச் சொல்ல 'ஈர்ப்பு' வேண்டும். 'அச்சம்' உயரத்துக்கும் இருட்டுக்கும் பொருந்தும். சமூக, அரசியல் பொருளில் 'ஃபோபியா' என்று முடியும் சொற்களைத் தவிர்க்குமாறு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமே 2012இல் தன் நடைக் கையேட்டில் சொன்னதுண்டு. 'ஸெனோஃபோபியா'வை நாமும் அந்நியர் வெறுப்பு என்றே எழுதுகிறோம். எனவே 'தன்பாலீர்ப்பாளர் வெறுப்பு' என்பதே என் தேர்வு. நீளம்தான், தலைப்புக்கு இடம் போதாதவர்கள் 'தன்பாலீர்ப்பு வெறுப்பு' என்று குறுக்கிக்கொள்ளலாம்.

'லாக்கர் ரூம்' என்பதற்கு 'அணியறை' என்றால் உடை அணிவதும் விளையாட்டு அணியும் ஒருசேர அடங்கிவிடும், பெஞ்சாக இருந்தாலும் சரி. 'லாக்கர் ரூம் கல்ச்சர்' என்று கூடவே வரும் 'கல்ச்சர்' என்பதைப் 'பழக்கம்' என்று எழுதுங்கள். பண்பாடு என்ற சொல்லை இதற்கெல்லாம் செலவழிக்க எனக்கு மனமில்லை.