மேய்ச்சல் காட்டுக்குத் திட்டம் எழுதும் உரிமை: படிவம் சி-யை விட்டுவிடாதீர்கள்

காரோ பிசானமோ, எந்த நெல் பருவமானாலும், வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் கிடை ஆட்டுக்கு (உரத்துக்காக இரவில் வயலில் அடைத்து வைக்கும் மந்தைக்கு) மலையடிவாரத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அறுப்பு முடிந்த பிறகுதான் கிடை வயலுக்கு இறங்கும். எந்தச் சரிவில் எந்த மாதம் மேய்க்கலாம், எந்த ஊற்றுப் பக்கம் ஆட்டை விடக்கூடாது என்பதெல்லாம் கிடை போடுகிறவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் காட்டுக்குத் திட்டம் எழுதும் கூட்டத்துக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இத்தனைக்கும் 2006 வன உரிமைச் சட்டம் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது.

சட்டத்தின் வரலாறு இங்கே வேண்டாம். உரிமை கோரும் படிவங்கள் மூன்று. ஏ தனிநபர் நிலத்துக்கு. பி மேய்ச்சல், மீன், தேன் போன்ற சமூக உரிமைகளுக்கு. சி, காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கு உள்ள உரிமைக்கு. அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஏ-யைத்தான் நீட்டுவார்கள். பி மட்டும் போட்டால் மேய்க்கும் உரிமை கிடைக்கலாம். எப்படி மேய்ப்பது என்பதை வேறு யாராவது எழுதிவிடுவார்கள். அதனால் பி, சி இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

அடுத்து வரும் பதில்: "அண்ணாச்சி, புலிகள் காப்பகத்துல உரிமையெல்லாம் கிடையாது." இது தவறு. சமூக வன வளம் என்பதில் மேய்ச்சல் சமூகங்கள் பருவத்துக்குப் பருவம் பயன்படுத்தும் நிலமும் அடங்கும், சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் இதற்கு விலக்கு இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. மனு கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஆட்டை உள்ளே ஓட்டினால் வழக்கு வரும். தடை ஆடு ஓட்டுவதற்குத்தான், உரிமை கோருவதற்கு இல்லை. மனுவை வாங்க மறுத்தால் அதை எழுத்தில் கேளுங்கள்.

காணி மக்கள் பழங்குடியினர்; 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே இருப்பதைக் காட்டினால் போதும். கோனார் போன்ற மற்ற மேய்ச்சல்காரர்கள் அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டுகளாக அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மனம் விட்டுப் போகிறார்கள். 1930லேயே உங்கள் தாத்தா பெயரில் ரசீது இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கெசட்டியர், வனத்துறைப் பதிவேடு, கிடை போட்ட இடம், கோயில் காடு, சுடுகாடு எல்லாமே சான்றுதான். குறைந்தது இரண்டு வேண்டும். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று, கிராம சபைக்கு மேலே மனுவைப் பரிசீலிக்கும் கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ அடம்பிடிக்க விதியில் இடமில்லை. பெரியவர்களின் வாக்குமூலம் செல்லும், ஆனால் உரிமை கோருகிறவரே சாட்சியாக இருக்க முடியாது. பக்கத்து ஊர்ப் பெரியவரிடம், காணிக் குடியிருப்பானால் வேறொரு குடியிருப்பின் மூட்டுக்காணியிடம் (காணிகளின் தலைவரிடம்) வாங்குங்கள். வனத்துறைக்கு அபராதம் கட்டியிருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். நீங்கள் அங்கே மேய்த்ததற்கு அரசே எழுதிக் கொடுத்த தாள் அது.

மனு அதிகம் அடிபடுவது கிராம சபையில். இந்தச் சட்டப்படி சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மே தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கூடும் வழக்கமான கூட்டத்தில் போட்ட தீர்மானம் இதனாலேயே திரும்பி வரும். தனிக் கூட்டம் கேளுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். கிடையோடு வெளியூர் போயிருக்கும் நேரத்தில் இடத்தைப் பார்வையிட்டு "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். மேய்ச்சல்காரர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ இருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் விதி 12 சொல்கிறது. ஊரில் இருக்கும் மாதங்களை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

உரிமை கிடைத்த பிறகு கிராம சபைக் குழுவே மேலாண்மைத் திட்டம் எழுதலாம். எந்தச் சரிவு எந்த மாதம் ஓய்வு, ஒரே இடத்தில் எத்தனை இரவு கிடை, தீ பிடித்தால் யார் போவது என்று உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். "அறிவியல் பூர்வமாக இல்லை" என்று சொல்லி ஆயத்தத் திட்டத்தை நீட்டினால் வாங்கிப் படியுங்கள், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் கிடை என்ற சொல்லே இருக்காது.

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கிராம சபை முடிவுக்கு எதிராகக் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு முடிவுக்கு எதிராக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் 60 நாள்தான். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலிலேயே அந்த 60 நாளும் ஓடிவிடும். அதனால் முதல் நாளே முறையீட்டைக் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிவிடுங்கள்.