ஆகஸ்ட் முதல் புதனும் எலும்பு சிமென்டும்

லண்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆகஸ்ட் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்போதுதான் புது டாக்டர்கள் வருவார்களாமே, தள்ளிப்போடலாமா?"

வருவது உண்மைதான். பிரிட்டனில் படிப்பு முடித்தவர்கள் (நம்மூர் ஹவுஸ் சர்ஜன் மாதிரி) ஆகஸ்ட் முதல் புதனன்றுதான் வேலையில் சேர்கிறார்கள். 2000 முதல் 2008 வரையிலான இங்கிலாந்துக் கணக்குகளை அலசிய ஆய்வு ஒன்று, அன்று அனுமதிக்கப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு முந்தைய புதனைவிட 6% கூடுதல் என்றது. ஆனால் அது அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் கணக்கு. மூட்டு மாற்று நாள் குறித்துச் செய்வது. நேற்று சேர்ந்தவர் கையில் ரம்பத்தைக் கொடுக்கமாட்டார்கள். சில வருடம் பழகிய எலும்பியல் பயிற்சியாளர் செய்யலாம். பக்கத்தில் சீனியர் இருப்பார்.

ஏன் இருக்க வேண்டும்? செயற்கை மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்தும் எலும்பு சிமென்டைப் பார்த்தால் புரியும். பல் செட்டுக்குப் பயன்பட்ட அதே அக்ரிலிக். மான்செஸ்டரில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு டாக்டர் 1950களில் இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பொடி, ஒரு திரவம். பொடியில் பெராக்சைடு, திரவத்தில் அமீன். இரண்டும் சேர்ந்ததும் பெராக்சைடு உடைந்து, திரவத்தின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளத் தொடங்கும். முதலில் தோசை மாவு மாதிரி கையுறையில் ஒட்டும். சற்று நேரத்தில் சப்பாத்தி மாவுப் பதம். பிறகு சூடேறி, கலந்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல். அறை கொஞ்சம் வெக்கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதில் அழகு என்னவென்றால், இது பசையே இல்லை. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அதுவரை அறுத்தது, அளந்தது எல்லாவற்றையும் தற்காலிக மூட்டு வைத்து ஒத்திகை பார்க்கலாம், கழற்றலாம். சிமென்ட் இறுகியபின் சாய்ந்தது சாய்ந்ததுதான். பழகாத கைக்கு நேரம் வேண்டும். சிமென்ட் நேரம் தராது. சீனியரின் கண் அகலக்கூடாத நிமிடங்கள் அவை.

புதியவரால் ஆபத்து வருமென்றால் அது வார்டில்தான்: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தின் அளவு, இரவில் ஏறும் காய்ச்சல். அதனால்தான் 2012 முதல் இங்கிலாந்தில் புதியவர்கள் பணியேற்குமுன் சில நாள் பழையவர் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். இந்தப் பயிற்சிக்குச் செலவழிக்க எந்த அரசும் யோசிக்கக்கூடாது என்பேன்.

சரி, தள்ளிப்போடலாமா? எப்படியும் அது ஆடி மாதம். ஊரிலிருந்து யாராவது அதையும் சொல்வார்கள். இரண்டுக்காகவும் நான் தேதியை மாற்றமாட்டேன். அம்மா சாப்பிடும் மாத்திரைகளை அளவோடு எழுதி, வார்டுக்கு வரும் புது டாக்டர் கையில் கொடுப்பேன்.