கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கும் தேசிய ஆய்வகத்தில் இடம் உண்டு

அமெரிக்காவில் இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பிள்ளைகள் பலர், ஆராய்ச்சி என்றாலே பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டிலும் "முதல்ல நாலு வருஷக் காலேஜுக்கு மாறு, அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இவர்களுக்காகவே அந்நாட்டு எரிசக்தித் துறை ஒரு திட்டம் நடத்துகிறது. கம்யூனிட்டி காலேஜ் இன்டர்ன்ஷிப்ஸ் என்று பெயர், சுருக்கமாக சிசிஐ.

அத்துறையிடம் 17 தேசிய ஆய்வகங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, சிசிஐ மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன. சூரிய ஒளி, காற்றாலை, மின்கலம் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் உள்ள ஆய்வகம். 1977-இல் சூரிய ஆற்றலுக்கென்று தொடங்கி, 1991 முதல் என்ஆர்இஎல் (தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம்) என்ற பெயரில் பல ஆண்டுகள் அறியப்பட்ட இடம் அது. கோடையில் 10 வாரம், ஒரு விஞ்ஞானியின் அல்லது பொறியாளரின் வழிகாட்டலில் ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு என்று உதவித்தொகை உண்டு. போகவர ஒருமுறைப் பயணச் செலவையும் தருவார்கள். தொலைவிலிருந்து வருபவர்களுக்குத் தங்கும் செலவில் உதவி கிடைக்கும். முடிக்கும்போது அறிக்கை எழுதித் தர வேண்டும்.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? 18 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் முடித்து, அதில் 6 கிரெடிட்டாவது அறிவியல், கணிதம், பொறியியல் சார்ந்த பாடங்களாக இருக்க வேண்டும். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 4-க்கு 3.0 வேண்டும். 12 கிரெடிட் என்பது நாலு பாடம்தான். முதல் செமஸ்டரிலேயே முடிந்துவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம். மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது குடியுரிமை விதியை. விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்கக் குடியுரிமையோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டோ கையில் இருக்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் கிரீன் கார்டுக்காக வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இதில் சேர முடியாது. அமெரிக்காவிலேயே வளர்ந்த பிள்ளையிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். அவர்கள் தங்கள் கல்லூரி ஆசிரியரிடமே ஒரு ஆய்வுத் திட்டம் கேட்டுப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது கட்டுரையில். "சின்ன வயதிலிருந்தே இயற்கை மீது ஆர்வம்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புலப்படாது. கைவசம் சின்னதாக ஒன்றாவது செய்து வைத்திருப்பது நல்லது. ஒரே மாதிரி இரண்டு சிறிய சோலார் பேனல்களைக் கல்லூரி மாடியில் வையுங்கள். ஒன்றைத் தினமும் துடையுங்கள், மற்றதை அப்படியே தூசியோடு விடுங்கள். காலையிலும் உச்சிவெயிலிலும் மல்டிமீட்டரை (மின்சாரத்தை அளக்கும் கருவி) மாட்டி இரண்டின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நோட்டில் குறியுங்கள். காலைக் குளிரில் இருந்த மின்னழுத்தம் மதிய வெயிலில் இறங்கியிருப்பதையும் பார்ப்பீர்கள். வெயில் கூடினால் எல்லாமே கூடும் என்று நினைத்திருப்போம். சிலிக்கான் பேனல் சூடாகச் சூடாக அதன் திறன் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.3 முதல் 0.5 சதவீதம் வரை குறைகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன கேள்வி எழுந்தது என்று எழுதுங்கள். அதைத்தான் வழிகாட்டிகள் தேடுகிறார்கள்.

கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் மூடிவிடும். பரிந்துரைக் கடிதமும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் விடுமுறையில் ஆசிரியர்களைப் பிடிப்பது சிரமம், அதனால் நவம்பரிலேயே, அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அவர் அறைக் கதவைத் தட்டிவிடுங்கள்.