பக்கத்து வீடு நகராமல் பள்ளம் தோண்டுவது எப்படி?

பழைய பேருந்து நிலையத்தையோ காய்கறிச் சந்தையையோ இடித்துவிட்டு, மேலே கடைகளும் கீழே இரண்டு அடுக்கு வாகன நிறுத்தமுமாகக் கட்டுவது நம் நடுத்தர நகரங்களில் வழக்கமாகிவிட்டது. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழகத்திலிருந்து 11 நகரங்கள் தேர்வாயின. அதன் பிறகு மதுரை, கோவை, நெல்லை போன்ற ஊர்களின் நடுமையத்தில் பச்சைத் தகரத் தடுப்பைப் பார்க்காதவர் குறைவு. அந்தத் தடுப்புக்குப் பின்னால் நடப்பதிலேயே ஆபத்தான கட்டம், கட்டடம் மேலே எழும் காலம் அல்ல. பள்ளம் திறந்து கிடக்கும் சில மாதங்கள்தான்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் மேஸ்திரிகள் 'பேஸ்மட்டம்' என்பது தரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் பீடத்தை. இங்கே பேசுவது தரைக்குக் கீழே போகும் தளத்தை. இரண்டு தளம் என்றால் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழம். ஒரு கார் நிற்க 12.5 சதுர மீட்டர் போதும். ஆனால் ஓடுபாதை, சரிவுப்பாதை, தூண்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் ஆகிவிடும். பத்தாயிரம் சதுர அடித் தளத்தில் முப்பது கார்கூட நிற்காது. அவ்வளவு கார்களுக்காக எவ்வளவு மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பது தோண்டும்போதுதான் தெரியும்.

மண்ணுக்குள் இருக்கும் பழைய ஊர்

மண் பரிசோதனை என்பது போர் போட்டு மண்ணை மேலே எடுத்துப் பார்ப்பது மட்டுமல்ல. 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே அந்த ஆழத்தின் 'N' (என்) மதிப்பு. மணலில் இது 10-க்குக் கீழே என்றால் இளகல், 30-ஐத் தாண்டினால் இறுக்கம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை இதைச் செய்வார்கள். 7 மீட்டர் பள்ளத்துக்கு 15 மீட்டராவது துளையிட வேண்டும், அல்லது கெட்டிப் பாறைக்குள் 3 மீட்டர் போக வேண்டும்.

செலவை மிச்சப்படுத்த மனையின் நான்கு மூலையில் மட்டும் துளையிடுவது நம் வழக்கம். பழைய நகரத்தில் அது போதாது. மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களையொட்டி, கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. அந்த வட்டாரத்தில் ஒரு துளையில் 3 மீட்டரிலேயே சரளையும் சிதைந்த பாறையும் வரலாம், இருபது அடி தள்ளிப் போட்டால் செங்கல் ஜல்லியும் சேறும் கலந்த நிரப்பு மண் வரலாம். மூடிய கிணறு, தூர்த்த ஊருணி, கைவிட்ட கழிவுநீர்த் தொட்டி எதுவும் பத்திரத்தில் இருக்காது. பழைய நில அளவை வரைபடத்தையும் அந்தத் தெருவின் முதியவர்களையும் கேட்ட பிறகு துளை எங்கே போடுவது என்று முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

ஊருக்கு ஊர் மண் வேறு. மதுரை, சேலம், கோவைப் பக்கம் கெட்டிப் பாறை பெரும்பாலும் அதிக ஆழத்தில் இல்லை. கும்பகோணத்தில் காவிரி கொண்டுவந்த மணலும் களியும் மாறிமாறி அடுக்காகக் கிடக்கின்றன. ஒரே வரைபடத்தை இரண்டு ஊரிலும் பயன்படுத்தினால் இரண்டாவது ஊரில் தண்ணீர் பாடம் நடத்தும்.

சுவர் உடைவதில்லை, நகர்கிறது

காலி மனை என்றால் பள்ளத்தின் ஓரத்தைச் சரிவாக வெட்டிவிடலாம். எல்லைக் கோட்டை ஒட்டியே அடுத்த கடையின் சுவர் நிற்கும்போது செங்குத்தாகத்தான் இறங்க வேண்டும். ஆகவே தோண்டும் முன்பே மண்ணுக்குள் ஒரு சுவரை இறக்கிவிடுவார்கள். நம் ஊர்களில் அதிகம் காண்பது பைல் சுவர். 60 சென்டிமீட்டர் விட்டத்தில் கான்கிரீட் பைல்களை, அதாவது மண்ணில் துளையிட்டு ஊற்றும் தூண்களை, வரிசையாக, இடையில் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு இறக்கி, தலைகளை ஒரு கான்கிரீட் உத்திரத்தால் இணைப்பார்கள். 1, 4, 7 என்று இடைவிட்டுத் துளையிட வேண்டும். முந்தைய நாள் ஊற்றிய பைலுக்கு அருகிலேயே துளையிட்டால் ஈரக் கான்கிரீட் பக்கத்துத் துளைக்குள் சரியும்.

இந்தச் சுவர் எவ்வளவு தாங்க வேண்டும்? மணற்பாங்கான மண்ணில் 7 மீட்டர் பள்ளத்துக்கு, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 15 டன் விசை உள்நோக்கித் தள்ளுகிறது. நிலத்தடி நீர் 2 மீட்டரில் நின்றால் அதுவே 23 டன்னுக்கு மேல் போகும். பக்கத்து மாடி வீட்டின் எடையை இன்னும் சேர்க்கவில்லை.

ஆழம் கூடக் கூட விசை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. முட்டுக்கொடுக்காத சுவரில் 3 மீட்டர் பள்ளத்தை 6 மீட்டராக்கினால் தள்ளும் விசை 4 மடங்கு, சுவரை வளைக்கும் திருப்புவிசை 8 மடங்கு, உச்சியின் சாய்வு ஏறத்தாழ 32 மடங்கு. "மூணு மீட்டர் தோண்டினோம், ஒண்ணும் ஆகலை, இன்னும் கொஞ்சம் போகலாம்" என்ற பேச்சு எவ்வளவு விபரீதம் என்பது இந்த 32-ல் இருக்கிறது.

அதனால்தான் 2 மீட்டர் தோண்டியதும் நிறுத்த வேண்டும். சுவரை ஒட்டிக் கிடைமட்டமாக இரும்பு உத்திரம் வைத்து, எதிர்ச் சுவருக்குக் குறுக்கே முட்டுக் குழாயை ஜாக்கியால் இறுக்கிப் பொருத்திவிட்டு, பிறகே அடுத்த அடுக்கு. களத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜேசிபியும் டிப்பரும் வாடகைக்கு நிற்கின்றன, முட்டுக் குழாய் வெல்டிங் முடிந்து வரவில்லை, "அதுவரை ஒரு மீட்டர் எடுத்துவிடலாம்" என்று எடுத்துவிடுகிறார்கள். பிறகு முட்டு வைத்தாலும் சுவர் ஏற்கெனவே போன தூரம் திரும்பி வராது.

ஒழுங்காக வேலை செய்த இடத்தில் சுவர் நகர்வு ஆழத்தில் 0.2 சதவீதம், அதாவது 7 மீட்டருக்கு 14 மில்லிமீட்டர். ஏனோதானோ என்று செய்தால் 0.5 சதவீதம், 35 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அதே அளவு பின்னால் உள்ள தரை இறங்கும். பாதிப்பு ஆழத்தைப் போல இரு மடங்கு தூரம், 14 மீட்டர் வரை பரவும். குறுகிய சந்து என்றால் எதிர் வரிசை வீடுகளும் அதற்குள் வந்துவிடும்.

தரை சமமாக இறங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் அதிகமாக இறங்குவதே கெடுதல். 3 மீட்டர் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது 300-ல் 1, வந்ததும் சுவரில் விரிசல் தோன்றத் தொடங்கும். 150-ல் 1 என்றால் கட்டடத்தின் உடலிலேயே சேதம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு மெதுவான அசைவுக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதன் தலையில் பிற்காலத்தில் சிமென்ட்டில் ஒரு மாடி ஏற்றியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது, இரண்டும் சேரும் கோட்டில் பிளக்கும்.

முட்டுக் குழாய்க்கு வெயிலும் ஒரு சுமை. 20 மீட்டர் நீள இரும்பு 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீள வேண்டும். இரு பக்கமும் சுவர் பிடித்திருப்பதால் நீள முடியாமல், அந்த ஆசை முழுவதும் அழுத்தமாக மாறும். மதியம் எடுத்த அளவையும் மறுநாள் விடியற்காலை எடுத்த அளவையும் ஒப்பிட்டுவிட்டு "சுவர் திரும்பிவிட்டது" என்று மகிழ்வது அபத்தம். தினமும் ஒரே நேரத்தில், வெயில் ஏறும் முன் அளக்க வேண்டும்.

அளப்பது மட்டும் போதுமா? சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டி 30 மீட்டர் ஆழப் பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். முட்டும் உத்திரமும் சேரும் இணைப்பு பலவீனமாக இருந்தது. கருவிகள் முன்பே அதிக நகர்வைக் காட்டின. வேலையை நிறுத்துவதற்குப் பதில் எச்சரிக்கை எல்லையைத் திருத்திக்கொண்டு தொடர்ந்தார்கள்.

தண்ணீரை எடுத்தால் பாரம் ஏறும்

பள்ளத்தில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைப்பது எளிய வேலைபோலத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மண்ணுக்குள் இருக்கும் நீர், மண் துகள்களின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிப் பிடிக்கிறது. நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் கீழே உள்ள மண் மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் கூடுதல் பாரம் விழும். ஒரு சாதாரண மாடியின் எடை அதுதான். 5 மீட்டர் இறைத்தால், சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டின் மீதும் ஐந்து மாடி கட்டியதுபோல மண் உணரும். மணல் உடனே கொஞ்சம் அமுங்கி நின்றுவிடும். களி மண் மாதக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போன பிறகும் விரிசல் வளர்வது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து, நீரோடு மண்ணும் வெளியேறுவது. இடைவெளி விட்ட பைல் சுவர் நீரைத் தடுக்காது. மணலில் நீர்மட்டத்துக்குக் கீழே அதைப் பயன்படுத்தினால் இடுக்கு வழியே மணல் வழிந்து, நடைபாதைக்குக் கீழே வெற்றிடம் உருவாகும். ஆற்றுப்படுகை ஊர்களில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பைல்களோ தொடர் கான்கிரீட் சுவரோ வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை போதும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று நகர ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் இடிந்து, அருகில் குடியிருந்த 2 பேர் இறந்தார்கள். மெட்ரோ பள்ளத்தின் தடுப்புச் சுவரை இறக்கியபோது குறுக்கே வந்த கற்பாறையை முழுமையாக அகற்றாமல் விட்டதால் சுவரில் குறை நேர்ந்தது. பின்னாளில் அந்த வழியே நீரும் மணலும் பள்ளத்துக்குள் பாய்ந்து, கட்டடத்தின் கீழே மண் இல்லாமல் போனது.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒரு கண்ணாடிப் பாட்டில். இறைத்து வெளியேற்றும் நீரைத் தினமும் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். முதல் இரண்டு நாள் கலங்கல் இயல்பு. அதற்குப் பிறகும் அடியில் மணல் படிந்தால், பள்ளத்தில் தோண்டாத மண் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. அன்றே இறைப்பதை மாற்றியமைத்து, கசியும் இடத்தை அடைக்க வேண்டும்.

மதுரை, சேலம் போன்ற ஊர்களில் பிரச்சினை வேறு திசையில் வரும். பைல் 4 மீட்டரிலேயே பாறையில் நின்றுவிடும், பள்ளமோ 7 மீட்டர் போக வேண்டும். பைலின் பாதத்துக்கு நேர் கீழே பாறையை வெட்டினால் பாதம் அந்தரத்தில் நிற்கும். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாறையைத் திண்ணைபோல விட்டு, அதற்கு இரும்பு ஆணி அடித்துத்தான் கீழே போகலாம். ஊர் நடுவில் வெடி வைக்க வழியில்லை. வரிசையாகத் துளையிட்டு விரியும் சாந்தை ஊற்றினால் ஒரு நாளில் பாறை சத்தமில்லாமல் பிளக்கும். செலவு அதிகம், ஆனால் பாறை உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தின் அதிர்வில் பக்கத்து வீட்டுக் காரை உதிர்வதற்கு இழப்பீடு கொடுப்பதைவிட மலிவு.

கட்டடம் மிதக்கும்

அடியில் ராஃப்ட், அதாவது பள்ளத்தின் அடி முழுவதும் பரவிக் கட்டடத்தைத் தாங்கும் கனமான கான்கிரீட் தளம், போட்டதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். டீசல் கணக்கைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஆசையும் கூடவே வரும். நீர்மட்டம் 2 மீட்டர், ராஃப்டின் அடி 7.5 மீட்டர் என்றால், மோட்டார் நின்று நீர் திரும்பியதும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 5.5 டன் மேல்நோக்கித் தள்ளும். 60 சென்டிமீட்டர் ராஃப்டின் எடை 1.5 டன்தான். ஐப்பசியில் மழை பிடித்து இரவோடு இரவாக மோட்டார் நின்றால், ராஃப்ட் நடுவில் உப்பிப் பிளப்பதோ மொத்தக் கட்டடமும் ஒரு பக்கம் தூக்குவதோ கற்பனை அல்ல. மேலே எழுந்த தளங்களின் எடை, மிதப்பு விசையைப் போல 1.2 மடங்கு ஆகும்வரை இறைத்தே ஆக வேண்டும். கணக்கில் பூச்சு, டைல்ஸ், கார்களைச் சேர்க்கக் கூடாது, அவை இன்னும் வரவில்லை. பாதுகாப்புக்கு ராஃப்டில் சில குழாய்களைத் திறந்தே விடுவார்கள். மோட்டார் நின்றால் அவை வழியாக நீர் உள்ளே வந்து பள்ளம் நனையும், கட்டடம் தப்பும். ஈரத்தைப் பார்த்து யாராவது அந்தக் குழாயை முன்கூட்டியே அடைத்துவிடாமல் காவல் வேண்டும்.

கசிவு பெரும்பாலும் கான்கிரீட்டின் நடுவில் வராது, இணைப்பில்தான் வரும். ராஃப்டும் சுவரும் சேரும் இடத்தில் நீரைத் தடுக்கும் பிவிசி பட்டையைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்படி கம்பியோடு கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் ஊற்றும்போது அது மடங்கிப் படுத்துவிடும், அந்த நீளம் முழுவதும் பிறகு ஒழுகும். 300 கன மீட்டர் ராஃப்டுக்கு 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டி 50 நடை வர வேண்டும். பகலில் கடைவீதிக்குள் லாரி நுழைய முடியாத ஊரில் இரவுக்குள் அது முடியாவிட்டால், நடுவில் ஒரு குளிர்ந்த இணைப்பு (இறுகிவிட்ட கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாத கோடு) விழும். அதை எங்கே விழவிடுவது என்று முன்பே வரைந்து, அங்கேயும் பட்டை வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பைல் சுவருக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே மிஞ்சும் ஒல்லி இடுக்கு. உள்ளே ஆள் இறங்கித் திமிசு போட முடியாது. அதனால் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேலே ஒரு அடி மண் பரப்பி மூடிவிடுவார்கள். திறப்பு விழா நாளில் எல்லாம் சமமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் இடிபாட்டின் ஓட்டைகளுக்குள் மண் இறங்கி, கட்டடத்தை ஒட்டிய பேவர் கற்கள் ஒரே கோட்டில் பள்ளமாகும். அங்கே புதைத்த குடிநீர்க் குழாயின் இணைப்பும் சேர்ந்து விலகும். சன்னமான மணலை நீர் விட்டு அடுக்கடுக்காக இறக்கியிருந்தாலோ, சிமென்ட் குறைந்த இளகிய கான்கிரீட்டை ஊற்றியிருந்தாலோ அந்தக் குழாயைத் தேடி மறுபடி தோண்ட வேண்டியிருக்காது.